காய்ப்பின் வரலாறு: நெற்றி, கணுக்கால், சர்க்கரை

1

உடம்பில் விழும் அடையாளங்கள் எல்லாவற்றையும் சமூகம் ஒன்றுபோலப் படிப்பதில்லை. சிலவற்றைத் தேடிப் படிக்கிறது. சில கண்ணெதிரே இருந்தும் படிக்கப்படாமலே போகின்றன. ஐந்து வேளை தொழுகிற ஒரு முஸ்லிமின் நெற்றியில் வருஷங்கள் போகப் போகக் கருத்துத் தடிக்கும் காசளவுத் தழும்பு முதல் வகை. அதே தொழுகை அதே ஆளின் கணுக்காலில் உண்டாக்கும் காய்ப்பு இரண்டாம் வகை. முதலாவதை அவருடைய ஜமாஅத்து மரியாதையோடு பார்க்கிறது; வெளியாட்களில் சிலர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. அவரும் பார்ப்பதில்லை, அவருடைய டாக்டரும் பார்ப்பதில்லை. ஆனால் அவருக்குச் சர்க்கரை நோய் வந்து காலில் உணர்ச்சி மங்கிவிட்டதென்றால், ஆளைப் படுக்கையில் தள்ளக்கூடியது இந்த இரண்டாவதுதான்.

மூன்று வரலாறுகள் இங்கே ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. காய்ப்பைச் சமயமும் அரசியலும் படித்த வரலாறு ஒன்று. மருத்துவம் அதற்குப் பெயர் வைத்த வரலாறு மற்றொன்று. வலி தெரியாத பாதத்தைப் பற்றிய அறிவு தமிழ்நாட்டுத் தொழுநோயாளிகளின் கால்களிலிருந்து திரண்டு, கடல் தாண்டி, சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கு வந்துசேர்ந்த வரலாறு மூன்றாவது. இம்மூன்றையும் சேர்த்து வாசித்தால்தான், தரையில் உட்கார்ந்து பிழைக்கிற, தரையில் உட்கார்ந்து வணங்குகிற சாத்தூர், சிவகாசிப் பக்கத்து ஜனங்களின் கால்களைப் பற்றி உருப்படியாக ஏதாவது பேச முடியும்.

2

'கை காய்ச்சுப் போச்சு' என்று சொல்கிறோம். மரம் காய்ப்பதற்கும் தோல் காய்ப்பதற்கும் நம் பேச்சில் ஒரே சொல்தான். எகிப்திய அரபுப் பேச்சு வழக்கில் நெற்றித் தழும்புக்கு 'ஸபீபா' என்று பெயர்; உலர்ந்த திராட்சை என்பது பொருள். இரண்டு மொழிகளிலும் தடித்த தோல் பழத்தையும் காயையும் நினைவூட்டுவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ப்பு இங்கே நோயாகவோ சிதைவாகவோ சொல்லப்படவில்லை. பலகாலம் செய்த ஒன்றின் விளைச்சலாகச் சொல்லப்படுகிறது.

தமிழில் கையின் மென்மையும் வன்மையும் பாடுபொருளான பழைய இடம் புறநானூற்றின் 14ஆம் பாட்டு. சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பற்றிப் பார்த்து, இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே என்கிறான். அரசன் கை யானையையும் குதிரையையும் வில்லையும் கையாண்டு வலுத்தது. உண்பது தவிர வேறு தொழில் அறியாத புலவர் கை மெலிது என்ற போக்கில் கபிலர் பதில் சொல்கிறார். தடித்த கை அங்கே வீரத்துக்கும் கொடைக்கும் சான்று, அரசனுக்குரிய பெருமை. ஏர் பிடித்துக் காய்த்த கையைப் பற்றி அந்தப் பாட்டுக்கு அக்கறை இல்லை. யாருடைய காய்ப்பு பேசப்படும், யாருடையது பேசப்படாது என்கிற பாகுபாடு இவ்வளவு பழையது.

இஸ்லாமிய மரபிலும் நெற்றித் தழும்பின் பொருள் முடிந்த முடிவாக இருக்கவில்லை. குர்ஆனின் 48ஆவது அத்தியாயமான 'அல் ஃபத்ஹ்', தன் கடைசி வசனத்தில் ஸஜ்தாவின் சுவடாக முகங்களில் தெரியும் அடையாளத்தைப் பற்றிப் பேசுகிறது. அது தோலில் விழும் தழும்பா, முகத்தில் தெரியும் பணிவா, மறுமையில் துலங்கும் ஒளியா என்று விரிவுரையாளர்கள் பலவிதமாகப் பொருள் கொண்டிருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டில் மறைந்த முஜாஹித், அதை உள்ளச்சம், பணிவு என்றே கொண்டார். தோலைப் பார்த்து இறையச்சத்தை அளக்கக் கூடாது என்ற எச்சரிக்கை மரபுக்குள்ளேயே தொடக்கத்திலிருந்து இருந்துவருகிறது என்பது இங்கே முக்கியம். வெளியிலிருந்து வரும் பகுத்தறிவு மட்டுமே இந்தக் கேள்வியை எழுப்ப முடியும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அரசியல் இந்த எச்சரிக்கையைச் சட்டை செய்யவில்லை. எகிப்தின் அன்வர் சதாத் தன்னை 'நம்பிக்கையாளரான ஜனாதிபதி' என்று முன்னிறுத்திக்கொண்ட காலத்தில், அவருடைய நெற்றித் தழும்பு புகைப்படங்களில் துலக்கமாகத் தெரிந்தது. 1981இல் அவரைச் சுட்டுக் கொன்றவர்களும் அதே மார்க்கத்தின் பெயராலேயே சுட்டார்கள். ஒரே அடையாளத்தை அரசும் சொந்தம் கொண்டாடியது, அரசை எதிர்த்தவர்களும் சொந்தம் கொண்டாடினார்கள். தமிழ்நாட்டில் 1992 பாபர் மசூதி இடிப்புக்கும், 1997இன் கோவைக் கலவரத்துக்கும், 1998இன் குண்டுவெடிப்புக்கும் பிறகு தாடியும் தொப்பியும் எப்படிப் படிக்கப்பட்டன என்பது நாம் கண்டதுதான். அந்தப் பார்வையிடம் நெற்றித் தழும்பும் தப்பாது. முஸ்லிம் உடல் எப்போதும் மேலிருந்து, முகத்திலிருந்து படிக்கத் தொடங்கப்படுகிறது. கால் வரைக்கும் அந்த வாசிப்பு இறங்குவதே இல்லை.

3

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்குக் கடமையான ஐந்து தொழுகைகளில் 17 ரக்அத்துகள். சுப்ஹுக்கு இரண்டு, லுஹருக்கு நான்கு, அஸருக்கு நான்கு, மஃரிபுக்கு மூன்று, இஷாவுக்கு நான்கு. ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு ஸஜ்தா. ஆக 34. வருஷத்துக்கு 12,410. முப்பது வருஷத்துக்கு மூன்றே முக்கால் லட்சத்தைத் தொடும். சுன்னத்தான தொழுகைகளும் ரமலான் இரவுத் தொழுகைகளும் இதில் சேரவில்லை. ஒவ்வொரு ஸஜ்தாவிலும் நெற்றி, இரண்டு உள்ளங்கைகள், இரண்டு முட்டிகள், இரண்டு பாதங்களின் விரல்கள் என ஏழு உறுப்புகள் தரையில் பட வேண்டும் என்பது விதி.

காலைப் பொறுத்தவரை ஸஜ்தாவைவிட இருப்புதான் முக்கியம். ஹனஃபி மத்ஹபில் ஆண்கள் இடது பாதத்தைப் படுக்கவைத்து அதன்மேல் உட்கார்ந்து, வலது பாதத்தை நட்டுவைத்து விரல்களைக் கிப்லாவை நோக்கி மடக்கிக்கொள்கிறார்கள். ஷாஃபி மத்ஹபில் கடைசி இருப்பின்போது இடது காலை வலது காலுக்கு அடியில் வெளியே நீட்டிவிட்டுப் புட்டம் தரையில் பட உட்காருகிறார்கள். தமிழகத்தில் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபிகள். ஆகவே மத்ஹபு மாறினால் கணுக்காலின் எந்த இடத்தில் பாரம் விழுகிறது என்பதும் கொஞ்சம் மாறும். நூல்களில் நடந்த சட்ட விவாதம் கடைசியில் காலின் தோலிலும் தன் தடத்தைப் பதிக்கிறது.

தரைக்கும் ஒரு வரலாறு உண்டு. தாமிரபரணிக் கரைக் கோரையில் பாய் முடைவதற்குப் பேர்போன பத்தமடையில், முடைகிற கைகள் பெரும்பாலும் முஸ்லிம்களுடையவை. மண் தரையில் கோரைப்பாய் விரித்துத் தொழுதவருக்கும், சிமெண்டுத் தளத்திலோ மொசைக்கிலோ மெல்லிய விரிப்பைப் போட்டுத் தொழுகிறவருக்கும், கனத்த கம்பளத்தில் தொழுகிறவருக்கும் அழுத்தம் ஒன்றல்ல. பள்ளிவாசலுக்குக் கம்பளம் வாங்கும் வசதி எந்த ஊர் ஜமாஅத்துக்கு உண்டு, எதற்கு இல்லை என்பது பணத்தைப் பொறுத்தது. தோலின் தடிப்பில் பக்தியின் அளவு மட்டும் பதிவாகவில்லை. தரையின் தரமும் வருமானமும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன.

4

இனி மருத்துவம் வைத்த பெயர்களுக்கு வருவோம்.

1700ஆம் ஆண்டில் இத்தாலியின் மொதெனா நகரில் பெர்னார்தினோ ராமத்ஸினி தொழிலாளர்களின் நோய்கள் பற்றிய தன் நூலை வெளியிட்டார். நோயாளியிடம் ஹிப்போக்ரட்டஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்றார் அவர்: நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? உட்கார்ந்தே வேலை செய்யும் தையல்காரர்களையும் செருப்புத் தைப்பவர்களையும் அந்த நூல் தனியாகக் கவனித்தது. நோயின் காரணத்தை உடம்புக்குள் மட்டும் தேடாமல் வாழ்நிலையில் தேடியது என்பதால் அது ஒரு திருப்பம்.

அதற்குப் பின்வந்த ஆங்கில மருத்துவம் இந்த வழியில் பல பெயர்களை உண்டாக்கியது. முட்டி போட்டுத் தரை துடைக்கும் வேலைக்காரிக்கு முட்டிச் சிப்பியின் முன்னால் வரும் வீக்கம் 'வேலைக்காரி முட்டி'. ஜெபிக்க முட்டி போடுகிற பாதிரியாருக்குச் சற்றுக் கீழே வரும் வீக்கம் 'பாதிரியார் முட்டி'. சம்மணம் போட்டுத் தைக்கிறவருக்குச் சுண்டுவிரல் அடியில் வரும் புடைப்பு 'தையல்காரர் புடைப்பு'. எல்லாமே தொழிலின் பெயரால் அமைந்தவை. பாதிரியாருக்கு வந்ததும் தொழில்நோய்தான். கிறிஸ்தவ நோய் என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

முஸ்லிம் உடலுக்கு வரும்போது இந்த இலக்கணம் மாறிவிடுகிறது. 1979இல் ஒரு பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் 'தொழுகை முடிச்சுகள்' என்று ஒரு கட்டுரை வருகிறது. 2002இல் சவூதி அரேபிய மருத்துவர்கள் சர்வதேசத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் 'தொழுகைத் தழும்புகள்' என்று எழுதுகிறார்கள். தோல் தடிக்கிறது, கருக்கிறது, கோடுகள் ஆழமாகின்றன. எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் நீண்டகாலம் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தின் விளைவு இது. வலியோ அரிப்போ இல்லை என்பது அவர்கள் சொன்னதன் சாரம். சவூதி மருத்துவர்களுக்குத் தொழுகை அன்றாடம். அதனால் அவர்கள் விவரணையில் வியப்பு இல்லை. அதே தோல் மாற்றத்தை ஐரோப்பிய ஆஸ்பத்திரியில் எதிர்கொள்ளும் மருத்துவருக்கு அது ஒரு 'அரிய காட்சி', பாடநூலில் படமாகப் போடத் தக்க விநோதம். ஒரே தோல், இரண்டு சொல்லாடல்கள்.

இதைவிடச் சுவாரஸ்யமான ஒன்று சர்க்கரை மருத்துவத்துக்குள்ளேயே இருக்கிறது. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கைத்தோலும் மூட்டுகளும் இறுகிப்போவதுண்டு. அமெரிக்காவில் ரோசன்புளூமும் உடன் பணியாற்றியவர்களும் 1970களின் நடுவிலிருந்து இதைக் கவனப்படுத்தினார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. நோயாளி இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கும்பிட வேண்டும். விரல்கள் முழுசாக ஒட்டாமல் இடைவெளி விட்டால் இறுக்கம் இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு மருத்துவம் வைத்த பெயர் 'பிரார்த்தனைக் குறி'.

எந்தப் பிரார்த்தனை? கை கூப்பிச் செய்யும் கிறிஸ்தவப் பிரார்த்தனை. நம் ஊர்க் கும்பிடும் அதில் அடங்கிவிடும். துஆவுக்குக் கையை ஏந்துகிற முஸ்லிமின் பிரார்த்தனை அதில் இல்லை. கவனித்துப் பார்த்தால் ஒரு பிரார்த்தனை ஆரோக்கியத்தை அளக்கும் கோலாகியிருக்கிறது. அதைச் சரியாகச் செய்ய முடிகிறவர் நலமாக இருக்கிறார். இன்னொரு பிரார்த்தனை முடிச்சு, தழும்பு என்று நோய்களின் பட்டியலில் ஏறியிருக்கிறது. எந்த மருத்துவரும் திட்டம்போட்டு இப்படிச் செய்யவில்லை. எந்த உடம்பு இயல்பானது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட மொழி தானாகவே செய்கிற வேலை இது.

ஆனால் இந்த விமர்சனத்தோடு நிறுத்திக்கொள்வது நமக்கு எளிது. 'மருத்துவம் முஸ்லிமை மற்றமையாக்குகிறது' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். கணுக்காலில் இருக்கிற காய்ப்பு அப்படியே இருக்கும். சர்க்கரையும் அப்படியே இருக்கும்.

5

காய்ப்பு தன்னளவில் நோயல்ல. தேய்கிற இடத்தில் தோல் போட்டுக்கொள்ளும் கவசம் அது. எழுதி எழுதி நடுவிரலில் விழும் காய்ப்பை இந்த இதழின் வாசகர்கள் அறிவார்கள். பேனா நிப்புக்குப் பேர்போன சாத்தூரில் அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கவசம் மீறிப்போனால் வலி சொல்லிவிடும். வலித்தால் ஆள் காலை மாற்றிப் போடுவார், பாயை மடித்துப் போடுவார். உடம்புக்கும் கடமைக்கும் நடுவே வலிதான் பேச்சுவார்த்தை நடத்துகிறது.

அந்த நடுவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகம் பெருமளவுக்குத் தமிழ்நாட்டிலிருந்துதான் கற்றுக்கொண்டது. 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை ராபர்ட் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். விரல்களும் பாதங்களும் கிருமியால் அழுகி விழுகின்றன என்பதே அப்போதைய பரவலான நம்பிக்கை. பிராண்ட் குழுவினர் நோயாளிகளின் அன்றாடத்தைக் கவனித்துப் பார்த்தார்கள். சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்தார்கள், ஆணி குத்திய காலோடு நடந்தார்கள், புண்ணான பாதத்தை ஊன்றிக்கொண்டே இருந்தார்கள். கிருமி நரம்பைக் கொன்றது. மிச்சத்தை அன்றாட வாழ்க்கை செய்தது.

வேலூரிலும், 1955இல் தொடங்கிய கரிகிரி மையத்திலும் இதிலிருந்து நடைமுறை அறிவு ஒன்று வளர்ந்தது. பாரத்தைப் பரப்பிவிடும் நுண்துளை ரப்பர் செருப்பு. புண்ணுள்ள காலுக்கு முழுப் பாதத்தையும் தழுவிப் பிடிக்கும் மாவுக்கட்டு. இதைக் கொழும்பில் மில்ராய் பால் போன்றவர்கள் முன்பே கையாண்டிருந்தார்கள். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் பிராண்ட் போனபோது இந்த அறிவும் கூடப் போனது. அங்கே எலிகளின் பாதங்களில் செய்த சோதனைகள் ஒன்றைத் தெளிவாக்கின. பெரிய அடி தேவையில்லை. மிதமான அழுத்தமே, தினமும் ஆயிரக்கணக்கான முறை, ஒரே இடத்தில் விழுந்தால் போதும், தோல் வீங்கிப் புண்ணாகிவிடும். மரத்துப்போன சர்க்கரைப் பாதத்துக்கும் இதே விதி பொருந்தும் என்பது சீக்கிரம் புரிந்தது. இன்று உலகம் முழுவதும் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கிறார்கள். இந்த எளிய சோதனை பரவுவதற்கும் கார்விலில் நடந்த வேலை முக்கியமான காரணம்.

'ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப, மிதமான அழுத்தம்.' மேலே போட்ட 12,410 என்ற கணக்கை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

நெடுநாள் சர்க்கரை நரம்பைப் பழுதாக்குகிறது. "கால் மதமதன்னு இருக்கு", "மெத்தை மேல நடக்கிறாப்ல இருக்கு" என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். வியர்வையை ஆளும் நரம்புகளும் கெடுவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. ரத்த ஓட்டம் குறைவதால் புண் ஆறத் தாமதமாகிறது. இந்த நிலையில் காய்ப்பு கவசமாக இருப்பதை விட்டுவிட்டுக் காலுக்குள் மாட்டிக்கொண்ட கல்லைப் போல வேலை செய்கிறது. உள்ளங்காலில் உள்ள காய்ப்பைச் சீவி எடுத்தால் அந்த இடத்து உச்ச அழுத்தம் ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது என்று 1992இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். தடித்த தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து கட்டி நிற்கும். மேலே எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். மேல்தோல் பிளக்கும்போதுதான் உள்ளே புண் இருந்தது தெரியவரும். கணுக்காலின் வெளிப்புற எலும்புக்கு மேல் சதையே கிடையாது. தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தூரம் ரொம்பக் கம்மி.

உளூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாளில் பலமுறை கால் கழுவி, துவட்டாமல் விட்டால் விரலிடுக்கு ஊறிப்போய்ச் சேற்றுப்புண் வரும். சர்க்கரைக்காரருக்கு அது கிருமி நுழையும் வாசல். ஆனால் இதே உளூவுக்கு இன்னொரு முகமும் உண்டு. தினமும் உங்கள் பாதத்தைப் பாருங்கள், விரலிடுக்கைத் தடவிப் பாருங்கள் என்று சர்க்கரை மருத்துவர்கள் கெஞ்சுகிறார்கள். விரலிடுக்கைக் கோதிக் கழுவு என்று ஒரு மார்க்கம் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறது. தினசரிப் பாதச் சோதனைக்கு ஆயத்தமாக இருக்கும் ஒரு பழக்கத்தை, நோய்க்கான காரணமாக மட்டுமே பார்ப்பது எவ்வளவு பெரிய கவனக்குறைவு!

6

சாத்தூர்ப் பக்கத்துக்கு வருவோம். வானம் பார்த்த கரிசல் பூமி. கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். பிறகு சாத்தூர், கோவில்பட்டி என்று ஊர் ஊராகத் 'தீப்பெட்டி ஆபீஸ்'கள் வந்தன, பட்டாசு ஆபீஸ்கள் வந்தன. குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, வெடி சுற்றுவது எல்லாம் தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. இந்த வேலையில் குழந்தைகளின் கைகளைப் பற்றி நாடு பேசியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பேச வேண்டியதுதான். ஆனால் அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள், சிலர் அதே தரையில் உட்கார்ந்தே ஐம்பதைத் தாண்டினார்கள், இன்று அவர்களுக்குச் சர்க்கரை வருகிற வயசு. அவர்களுடைய கணுக்காலில் இருக்கும் கருத்த காய்ப்பு எந்தத் தீர்ப்பிலும் இல்லை, எந்தத் தோல் மருத்துவ இதழிலும் 'தீப்பெட்டித் தழும்பு' என்ற பெயரில் ஏறவும் இல்லை.

சாத்தூரிலிருந்து சில கிலோமீட்டரில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இருக்கன்குடியில் மாரியம்மன் கோயில். ஆடிக் கடைசி வெள்ளிக்குப் பாதயாத்திரையாக ஜனம் திரண்டு வரும். செருப்பில்லாத கால், வெயிலில் காய்ந்த தார் ரோடு. சூடு உறைக்கிற கால் ஓரமாக நிழல் பார்த்து நடக்கும். உறைக்காத கால் நேராக நடக்கும். கொப்புளம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கோயில் பிரகாரத்துக் கல்லில் நடந்து பாதம் வெந்த சர்க்கரை நோயாளிகளை இந்திய மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். அதை 'இந்துப் பாதம்' என்று யாரும் அழைப்பதில்லை. அழைக்கவும் கூடாது. முஸ்லிம் கணுக்காலுக்கும் அதே நாகரிகம் வேண்டும் என்பதுதான் நாம் கேட்பது.

மேலப்பாளையத்து முஸ்லிம் பெண்களை எடுத்துக்கொள்ளலாம். காலையிலிருந்து தரையில் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். நடுவே எழுந்து தொழுகிறார்கள். திரும்ப வந்து உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கணுக்காலில் காய்ப்பு இருந்தால் அது தொழுகையால் வந்ததா, பீடியால் வந்ததா? தொழுகை ஒரு வேளைக்குச் சில நிமிஷம். பீடி நாள் முழுக்க. டாக்டர் பர்தாவைப் பார்த்துவிட்டு 'தொழுகைத் தழும்பு' என்று எழுதினால், பீடிக் கம்பெனிக்காரர் தப்பித்துக்கொள்கிறார். மதத்தைக் காரணமாக்கும் வாசிப்பு எப்போதும் கூலியையும் வேலை நேரத்தையும் மறைக்க உதவுகிறது. நாம் விட்டுவிடக் கூடாத இடம் இது. தோல், அல்லாஹ்வுக்காக உட்கார்ந்த நேரத்தையும் முதலாளிக்காக உட்கார்ந்த நேரத்தையும் பிரித்து வைப்பதில்லை. பிரித்துப் பார்க்க வேண்டியது நம் வேலை.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. தமிழ்நாட்டில் 100க்கு 14 பேருக்கு மேல். 'பணக்கார வியாதி' என்ற பழைய பெயர் இனிச் செல்லாது. ரமலான் நோன்பும் சர்க்கரையும் பற்றி உலக அளவில் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2001இல் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த எபிடியார் ஆய்வு பேர்பெற்றது. நோன்பு ரத்தத்தில் எண்ணாகத் தெரிகிறது. மருந்து அளவை மாற்ற வைக்கிறது. அதனால் மருத்துவம் அக்கறை காட்டியது. கணுக்கால் எண்ணாகத் தெரிவதில்லை. காலைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

7

அப்படியானால் தொழுகையை நிறுத்தச் சொல்ல வேண்டுமா? நம்மில் சிலருக்கு உதட்டு நுனியில் இருக்கும் பதில் அதுதான். அதைக் கேட்ட மாத்திரத்தில் நோயாளி எழுந்து போய்விடுவார். அடுத்த தடவை காலைக் காட்ட மாட்டார். இதற்கு நேரெதிரே, வருத்திக்கொள்வதே வணக்கம் என்று நினைக்கும் மனம். இரண்டுமே மார்க்கத்தின் சட்ட மரபைப் படிக்காதவை. நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழலாம் என்ற சலுகை நபிமொழியிலேயே இருக்கிறது. மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் என்ற தோழருக்குச் சொல்லப்பட்டது அது. உளூவோடு தோல் காலுறை அணிந்திருந்தால் உள்ளூரில் இருப்பவர் ஒரு நாள் வரை காலைக் கழுவாமல் ஈரக்கையால் மேலே தடவிக்கொள்ளலாம் என்ற சட்டமும் உண்டு. தண்ணீர் ஆகாதவருக்குத் தயம்மும் இருக்கிறது.

சிக்கல், இந்தச் சலுகைகள் எல்லாம் நோயாளி தன் உடம்பின் வலியை உணர்வார் என்ற அனுமானத்தில் நிற்கின்றன என்பதுதான். 'முடியவில்லை' என்று அவருக்குத் தெரிந்தால்தானே சலுகையைக் கேட்பார்? சர்க்கரைக் கால் முடியவில்லை என்று சொல்வதே இல்லை. பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத் தொழுவது பற்றி உலமாக்களிடையே விவாதம் உண்டு. முட்டி வலிக்காரர் நாற்காலி கேட்பார், உணர்ச்சி செத்த கால்காரர் கேட்க மாட்டார். வலியில்லாமல் இருப்பதே இங்கே ஆபத்தின் அறிகுறி என்று மிம்பரில் இருந்து ஓர் இமாம் ஒரு ஜும்ஆவில் சொன்னால், அது பல ஆஸ்பத்திரிச் சுவரொட்டிகளைவிடத் தூரம் போகும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. கனத்த, மெத்தென்ற விரிப்பு. உளூவுக்குப் பிறகு விரலிடுக்கைத் துவட்ட ஒரு துண்டு. உட்காரும் முறையை மாற்றிக்கொள்ள ஆலிமிடமும் டாக்டரிடமும் சேர்த்துக் கேட்பது. காய்ப்பைப் பிளேடால் தானே சீவாமல், கால் ஆணிக்கு விற்கும் அமிலப் பிளாஸ்திரியை ஒட்டாமல், தெரிந்தவரிடம் காட்டுவது. பீடிக்காரம்மாவுக்கும் தீப்பெட்டி ஆபீஸ் அக்காவுக்கும் உட்காரப் பலகையோ திண்டோ கொடுக்கச் சொல்லிக் கேட்பது. இது சங்கம் கேட்க வேண்டியது, டாக்டர் அல்ல.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், சுகாதாரத் தன்னார்வலர்களான பெண்கள் வீடு தேடி வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் பார்க்க முடியாத ஒன்றை அவர்கள் பார்க்கிறார்கள்: அந்த வீட்டுத் தரையை, அந்த ஆள் அதில் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதை. ராமத்ஸினி முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கேள்வியைச் சேர்த்தார். நம் ஊருக்கு இன்னொன்றைச் சேர்க்கலாம். மதம் என்ன என்றோ, எத்தனை வேளை தொழுகிறீர்கள் என்றோ கேட்க வேண்டியதில்லை. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, "எப்படிங்க உட்காருவீங்க? அந்தக் காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டால் போதும். பாயில் உட்கார்ந்திருக்கும் ராவுத்தரிடமும், குச்சி அடுக்கிக்கொண்டிருக்கும் அக்காவிடமும், இருக்கன்குடிக்கு மாலை போட்டவரிடமும் ஒரே மாதிரியாகக் கேட்கக்கூடிய கேள்வி இது.